மழையா, வடை பொரிகிற சத்தமா? கவிதையை மேடையேற்றுவது பற்றிச் சில கேள்விகள்

முல்லைப்பாட்டைத் திரை, ஒலி, நான்கு நடிகர்கள் என்று முக்கால் மணி நேர நிகழ்வாகச் செய்தோம் என்று சொன்னாலும் சொன்னேன், ஆளாளுக்கு ஒரு கேள்வி. முடிந்தவரை பதில் சொல்கிறேன். பாட்டைப் படிக்காதவர்களுக்கு: பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி, பாடியவர் நப்பூதனார். போர்ப் பாசறையில் தலைவன், மழைக்கால வீட்டில் தலைவி. கதை அவ்வளவுதான்.

அக்கா, ஒருவர் கவிதை வாசிக்க, பின்னால் திரையில் அதற்கேற்ற படங்கள் ஓடினால் போதாதா? எங்கள் கல்லூரி விழாவில் அப்படித்தான் திட்டம்.

ஓட்டலாம். கல்யாண மண்டப எல்இடி திரை மாதிரி இருக்கும், பரவாயில்லையா? வாய் ‘யானை’ என்கிறபோது திரையிலும் யானை வந்தால் இரண்டில் ஒன்று தண்டம். பார்க்கிறவர் மனதில் அதற்குள் ஒரு யானை வந்திருக்கும், அதைத் துரத்திவிட்டு உங்கள் யானை வந்து நிற்கும்.

முல்லைப்பாட்டுப் பாசறையிலும் ஒரு யானை உண்டு. கரும்பும் கதிரும் கட்டிக் கொடுத்தால் தின்னாமல், அதை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. படிக்காத பாகர்கள் தங்களுக்குத் தெரிந்த நாலு வடமொழிச் சொல்லைச் சொல்லி ஊட்டப் பார்க்கிறார்கள். நாங்கள் யானையைக் காட்டவே இல்லை. ஒரு கட்டுக் கரும்பின் நிழல் மட்டும் திரையில் மெல்ல ஆடியது, எதிரே இரண்டு நடிகர்கள் அண்ணாந்து பார்த்துக் கெஞ்சினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை “யானைக்கு உடம்பு சரியில்லையாம்மா?” என்று சத்தமாகக் கேட்டது.

திரையைவிட ஒலிதான் முக்கியம் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். ஏன்?

இந்தப் பாட்டு அப்படி. ஊர்க்கோடியில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல் கேட்க, அதாவது தற்செயலாகக் காதில் விழும் வார்த்தையில் சகுனம் பார்க்க, நிற்கிறார்கள். அப்போது, தாயைக் காணாமல் தவிக்கிற கன்றிடம் ஓர் ஆயர்மகள் “இன்னே வருகுவர், தாயர்” என்று சொல்வது காதில் விழுகிறது. அதுதான் அவர்களுக்கு நற்சொல். ஆக, கதையே ஒட்டுக்கேட்ட ஒரு வார்த்தையில் நிற்கிறது. அதை மேடையில் சொல்ல வைத்தால் வசனமாகிவிடும் என்று அரங்கத்தின் பின்பக்கக் கதவருகே ஒரு பெண்ணை நிறுத்தினோம். மைக் கிடையாது. பார்வையாளர்கள் தலையைத் திருப்பினார்கள், மேடையில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

அப்புறம் கடைசிப் பகுதி. தலைவி ஏழடுக்கு மாடத்தில், கூரை இறவாரத்திலிருந்து கொட்டும் நீரின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டபடி கிடக்கிறாள். அடுத்த அடி ‘அஞ்செவி நிறைய ஆலின’. காது நிறையக் கனைத்தன, சரி, எவை? 89ஆம் அடியில் வருகிற இந்த வினைக்கு எழுவாய் 103ஆம் அடியின் கடைசிச் சொல்லில்தான் வருகிறது: ‘மாவே’. தேர்க்குதிரைகள். சத்தம் முதலில், சத்தம் போட்டது எது என்பது 14 அடி கழித்து. எந்த ஒலி வடிவமைப்பாளர் இப்படி யோசிப்பார்! நாங்களும் அப்படியே செய்தோம். இருட்டில் கனைப்பு, அதன் மேல் பாட்டு, ‘மாவே’ வந்த பிறகுதான் வெளிச்சம்.

மழைச் சத்தம் எங்கே எடுத்தீர்கள்? இணையத்தில் கிடைப்பது எல்லாம் செயற்கையாக இருக்கிறது.

அந்தத் துன்பத்தை ஏன் கேட்கிறீர்கள். முதலில் நானே மொட்டைமாடியில் போனில் பதிவு செய்தேன். ஒத்திகையில் போட்டதும் பின்னால் இருந்து ஒருவர் “யாருங்க வடை சுடுறது?” என்றார். உண்மைதான். கனமழையைத் தூரத்திலிருந்து பதிவு செய்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக வரும், எண்ணெய்ச் சட்டிக்கும் அதற்கும் காது வித்தியாசம் கண்டுபிடிக்காது. மழையை மழையாக்குவது அது எதன் மேல் விழுகிறது என்பதுதான்.

கடைசியில் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுத் துண்டு, அதற்கப்பால் ஈரமண் நிரப்பிய தட்டு. மூன்றின் மேலும் குவளையால் தண்ணீர் ஊற்றி, ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்தோம். பிறகு மூன்றையும் வெவ்வேறு ஸ்பீக்கரில் ஓட்டினோம். கூரை, முற்றம், தெரு மூன்றும் வந்துவிட்டன. செலவு சுழியம், சமையலறைத் தரையைத் துடைத்தது தனிக் கணக்கு.

எங்களிடம் 3000 லூமன்ஸ் புரொஜெக்டர் இருக்கிறது. நடிகர் மேல் லைட் போட்டால் படம் காணாமல் போகிறது. லைட்டை அணைத்தால் நடிகர் காணாமல் போகிறார்.

முன்னாலிருந்து அடிக்கிற லைட் எல்லாம் நடிகரைத் தாண்டித் திரையில் விழும். அதைக் குறைத்துவிட்டு, மேடையின் இரண்டு ஓரத்திலிருந்தும் பக்கவாட்டில் அடியுங்கள். நடிகரைத் திரையிலிருந்து குறைந்தது ஆறடி முன்னால் நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை தீரும். மேடையில் ஆழம் இருந்தால் புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். சாதாரண புரொஜெக்டருக்குப் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தேவைப்படும்: 12 அடிப் படம் என்றால் 18 அடி. அரங்கத்தைப் பார்க்கப் போகும்போதே டேப் எடுத்துப் போங்கள்.

துணிக்கு நாங்கள் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்தோம், நன்றாகவே இருந்தது. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அரங்கத்தில் மின்விசிறிகளைப் போட்டதும் திரை பாய்மரம் மாதிரி உப்பிவிட்டது, பாசறையே ஆடுகிறது. மின்விசிறியை நிறுத்தினோம். மே மாதம். இப்போது துணியின் அடியில் இரும்புக் குழாய் கோத்துவிடுகிறோம்.

சங்கத் தமிழ் யாருக்குப் புரியும்? பொழிப்புரையைத் திரையில் போடுவீர்களா?

மாட்டேன். எழுத்து வந்தால் கண் அங்கேதான் போகும், காது மூடிக்கொள்ளும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறானே, அவனைக் கடன் வாங்கினோம். பாட்டு ஓர் அடி போகும், அவன் குறுக்கே வந்து “அதாவது என்ன சொல்றாங்கன்னா...” என்று பேச்சுத் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வான். எல்லா அடிக்கும் வேண்டாம், பத்துக்கு ஒன்று போதும்.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி. கவிதைக்குக் குரல் போதாதா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்)

ஐயா, பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். 42 அடி நீளத் திரை, பின்னால் 21 விளக்குகள், ஆட்டுகிற பாவைகள், பாடுவது கம்பராமாயணம். ஒவ்வொரு பாடலுக்கும் விளக்கமும் உண்டு. முன்னால் ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் விடியவிடிய நடத்துவார்கள், அம்மன் கேட்கிறாள் என்பது நம்பிக்கை. கவிதை, ஒளி, நிழல், உரை எல்லாம் அதில் இருக்கிறதே. மேடையில் திரைப்படத்தைச் சேர்க்கிற வேலையை ஜெர்மன் நாடக இயக்குநர் பிஸ்காட்டர் பெர்லினில் தொடங்கியதே 1920களில்தான்.

குரல் போதும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ‘கவிதா நிகழ்வு’ என்று செய்தார்கள், குரலையும் உடலையும் நம்பி. மேல்நாட்டிலும் நல்லது உண்டு. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த நாடகக் கலைஞர் ரொபேர் லெபாஜ் 2015இல் மேடையேற்றிய ‘887’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கவிதையை மனப்பாடம் செய்ய முடியாமல் தவிக்கிற நடிகர், சிறுவயதில் குடியிருந்த அடுக்குமாடியின் பொம்மை வடிவத்துக்குள் கேமராவை விட்டுத் துழாவுகிறார். அங்கே வீடியோ கவிதையை விளக்கவில்லை, அந்த வரிகள் ஏன் நாக்கில் வர மறுக்கின்றன என்று தேடுகிறது.

நடிகர்கள் கவிதையை ‘நடிக்க’ வேண்டுமா, சும்மா சொல்ல வேண்டுமா?

அரசன் உறங்கும் இடத்துக் காவலர்களை இந்தப் பாட்டு ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ என்கிறது. நாக்கால் பேசாதவர்கள், உடம்பால் பேசுகிறவர்கள். இதை எழுதி ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். சொல்கிறவர் அசைய வேண்டாம், அசைகிறவர் சொல்ல வேண்டாம். கண்ணீர்க் குரல் வேண்டவே வேண்டாம்.

உரிமை வாங்க வேண்டுமா?

சங்க இலக்கியத்துக்கு வேண்டாம். பாரதி பாடல்களின் உரிமையை அரசு 1949இலேயே வாங்கிவிட்டது, அவை பொதுச்சொத்து. மற்றவர்களுக்கு, கவிஞர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. உயிரோடு இருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வரும்.

அக்கா, மூன்று பேர்தான் இருக்கிறோம், பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

இருபது அடிக்கு மேல் போகாத ஒரு கவிதை. ஒரு டார்ச், ஒரு வேட்டி. முதல் வாரம் டார்ச்சைத் தொடாதீர்கள். இருட்டில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்ற இருவரும் கேளுங்கள், எந்த இடத்தில் எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். மூன்று இடத்துக்கு மேல் குறித்திருந்தால் பாதியை அழித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். புரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பதைப் பற்றி அப்போது பேசலாம்.