ரசீது இருந்தும் விலக்கு ஏன் இல்லை?

கேள்வி: தாராவிப் பிள்ளைகளின் படிப்புக்காக 2024-25இல் ஒரு டிரஸ்டுக்கு 10,000 ரூபாய் ரொக்கமும் 50 நோட்டுப் புத்தகங்களும் கொடுத்தேன். முத்திரையிட்ட ரசீது இருக்கிறது. ஆடிட்டர் 80ஜி விலக்கு (நன்கொடைக்கான வருமான வரி விலக்கு) கிடையாது என்கிறாரே?
- வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: ஆடிட்டர் சொல்வது சரிதான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. முன்பு இந்த வரம்பு 10,000 ஆக இருந்தது, 2017 பட்ஜெட்டில் குறைத்தார்கள். பொருளாகக் கொடுத்தது, அரிசியோ நோட்டோ, கணக்கில் வராது. காசோலை, யுபிஐ என்றால் சிக்கலில்லை.

அப்போதும் வெறும் ரசீது போதாது. டிரஸ்ட் உங்கள் பான் எண்ணோடு வருமான வரித்துறைக்கு விவரம் தாக்கல் செய்து, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை மே 31க்குள் தர வேண்டும். பலரும் பான் எண்ணைக் கொடுக்க மறந்து இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜியே இல்லை.

இன்னொன்று: விலக்கு வருமானத்தில்தான், வரியில் அல்ல. 50 சதவீத விலக்குள்ள டிரஸ்டுக்கு 10,000 அனுப்பினால் வருமானத்தில் 5,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம், செஸ் சேர்த்து, 1,040 ரூபாய். இதற்காக மட்டும் தானம் செய்பவர் கணக்கில் கொஞ்சம் வீக்!