எந்தப் பாதை, தம்பி?

அன்புள்ள ஐயா,

நாங்கள் மூன்று நண்பர்கள். வரும் ஜூன் மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து பருத்தித்துறை வரை மோட்டார் சைக்கிளில் போகத் தீர்மானித்திருக்கிறோம். என்னிடம் இருப்பது பல்சர் 150, ஏழு வருடப் பழசு, தாங்குமா? பொலன்னறுவை, ஹபரணை சுற்றி வவுனியாவுக்கு ஏறுவதா, வாகரை, மூதூர், திருகோணமலை வழியாகப் போவதா? கூகுள் மப் ஒரு நாள் இதைச் சொல்கிறது, மறுநாள் அதைச் சொல்கிறது. வெயிலுக்குத் தப்ப இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் விடியற்காலையில் பருத்தித்துறைக் கடலில் குளிக்கலாம் என்கிறான் நண்பன். எங்கும் நிற்காமல் ஓடி முடிக்க ஆசை. கரையோர வீதியைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். எந்தப் பாதை நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான் வாசித்தது குருமண்வெளித் துறையில் நின்றுகொண்டு. பாதை அக்கரையில், மண்டூர்ப் பக்கம் நின்றது. எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. போனைத் திறந்தால் ‘எந்தப் பாதை நல்லது?’ சத்தமாகவே சிரித்துவிட்டேன். மீன்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்தச் சிரிப்பு விளங்காது. எங்கள் பக்கத்தில் ரோட்டுக்கு ரோட்டு என்றுதான் பெயர். பாதை என்றால் மிதப்பது. தட்டையான தளம், இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெல்மூட்டையும் சில வேளை ஒரு கன்றுக்குட்டியும். சூரியன் எழும் பக்கத்து எழுவான்கரையிலிருந்து அது விழும் பக்கத்துப் படுவான்கரைக்கு மட்டக்களப்பு வாவியைக் கடந்து கொண்டுபோய் விடும். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் எங்கள் பத்திரிகையில் ‘பாதை கவிழ்ந்தது’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, ரோடு எப்படிச் சார் கவிழும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் வீட்டிலிருந்து குருமண்வெளிக்குப் பத்து நிமிடம். கடைசியாக எப்போது அந்தப் பாதையில் ஏறினீர்கள்? பருத்தித்துறைக்கு வழி கேட்க முதல் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சரி, கேட்டவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பல்சரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் ஊர்க் கராஜ் பாஸிடம் கேளுங்கள். இரண்டு வழியும் ஏறத்தாழ ஒரே தூரம்தான்; கூகுள் மப் மாறி மாறிச் சொல்வதற்கு அதுவே காரணம். ஓட்டமாவடி தாண்டி நாவலடிச் சந்தி வரைக்கும் உங்களுக்கு இருப்பது ஒரே ரோட்டு. அங்கே இடப்பக்கம் பொலன்னறுவை, வலப்பக்கம் வாகரை. எதில் திரும்பினாலும் மகாவலியைக் கடக்காமல் வடக்கே போக முடியாது. இடப்பக்கம் போனால் மனம்பிட்டியில் அதன் இடுப்பைக் கடப்பீர்கள். வலப்பக்கம் போனால் வெருகலில் ஒரு கிளையை, பிறகு மூதூர்ப் பக்கத்தில் மிச்சத்தை.

இனி அந்த இரவுப் பயணம். இதில் நான் கோபப்படத்தான் போகிறேன். வெயிலுக்குத் தப்பி எதில் போய் மாட்டப் பார்க்கிறீர்கள் தெரியுமா? பகலில் சூடேறிய தார் இரவில் இளஞ்சூடாக இருக்கும். கட்டாக்காலி மாடுகளுக்கு அது மெத்தை. நடு ரோட்டில் குடும்பத்தோடு படுத்து அசைபோடும். கறுப்பு மாடு கறுப்புத் தாரில் படுத்திருந்தால் உங்கள் லைற்றுக்குத் தெரிவது இரண்டு கண் மட்டும்தான், அதுவும் அது உங்களைப் பார்த்தால். என்னை ஒரு மாடு பார்க்கவில்லை. மாங்கேணிக்குக் கிட்ட, இரவு ஒன்பது மணி. மாடு எழும்பிப் போய்விட்டது. நான் எழும்ப இருபது நிமிடம் பிடித்தது. இடது தோள்மூட்டு இன்றைக்கும் மாரி காலத்தில் அந்தத் திகதியை ஞாபகப்படுத்தும்.

மாடு பரவாயில்லை. புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் யானை. திருகோணமலை வழியால் போனாலும் ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை. ஹோர்ன் அடித்தால் விலகும் என்று உங்கள் நண்பன் சொல்வான். அவனிடம் அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள். யானைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளைத் திருப்ப ரோட்டின் அகலம் போதாது, உங்கள் கைநடுக்கத்துக்கு இன்னும் போதாது. எங்கும் நிற்காமல் ஓடி முடிக்க ஆசையாம்! பார்சலும் அப்படித்தான் யாழ்ப்பாணம் போகிறது.

1977இல் எனக்குப் பதினொரு வயது. மாமா தன்னுடைய ஹொண்டா 90இல் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டார். அப்போது திருகோணமலைக்குக் கரையோரமாகப் போவதென்றால் ஒவ்வொரு ஆறாக நின்று நின்றுதான் போகவேண்டும். வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா, எல்லாவற்றிலும் பாதை. தூரத்தை மைல் கட்டையில் யாரும் சொன்னதில்லை; ‘இன்னும் மூன்று துறை’ என்பார்கள். வெருகலில் மட்டும் இரண்டு மணித்தியாலம் நின்றோம். பாதைக்காரர் உள்ளங்கையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து, முன்னுக்கு வளைந்து, பின்னுக்குச் சாய்ந்து, இழுத்து இழுத்து வந்தார். கம்பியிலிருந்து சொட்டிய தண்ணீர் கிறீஸ் கலந்து வானவில் நிறத்தில் தளத்தில் ஓடியது. அதை மிதித்து வழுக்கி விழப்போன என்னை ஒரு கை பிடித்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சம்பூர் ஆள், புதிதாக வேலை கிடைத்த வாத்தியார், அவரும் கோயிலுக்குத்தான் போகிறார். மாமா பேச்சுக்கொடுத்தார். வெருகலில் ஊர், இறால்குழியில் உறவுமுறை, கிண்ணியா வருவதற்குள் சாதகம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த ஆவணியில் அவர் என் சின்னம்மாவைக் கட்டினார்.

பாலம் இருந்திருந்தால் எனக்கு அந்தச் சித்தப்பா இல்லை. இதை நான் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மிச்சக் கதையை அங்கே சொல்வதில்லை. சித்தப்பாவுக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாற்றம் வந்தது. 1980இல் ஒரு மழை இரவு, சின்னம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி மட்டக்களப்பில், நடுவில் வாவி. மாட்டுவண்டிலில் மண்முனைத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதை அக்கரையில் கட்டிக்கிடந்தது. சித்தப்பாவும் வண்டில்காரரும் “ஓ... பாதை! ஓ... பாதை!” என்று கூப்பிட்டார்கள். மழைச் சத்தத்தில் அக்கரைக்குக் கேட்கவில்லை. விடியும்வரை கூப்பிட்டார்கள். பிள்ளை வண்டிலுக்குள் பிறந்தது, இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. 210 மீற்றர். திறந்த கொஞ்ச நாளில் சின்னம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. அக்கரையில் ஓட்டோ திரும்பியபோது கேட்டார், “முடிஞ்சுதா? இவ்வளவு கிட்டவா இருந்தது?”

அதனால் பாதையின் அழகைப் பற்றி யாராவது கவிதை எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு எரிச்சல் வரும், அது நானாக இருந்தாலும். 2021 நவம்பரில் கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். காத்திருப்பின் இன்பத்தை அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். பாலங்கள் வேண்டும், இன்னும் வேண்டும். கிண்ணியாவுக்கு 2009இல் வந்தது, 396 மீற்றர். அடுத்த இரண்டு வருடத்துக்குள் மாமாவும் நானும் போன அந்த வழியின் மற்றத் துறைகளுக்கும் வந்தன. வாகரைக்காரருக்கும் வெருகல்காரருக்கும் அவை என்ன செய்தன என்று அங்கே இறங்கிக் கேளுங்கள்.

நான் சண்டை பிடிப்பது பாலத்தோடு அல்ல தம்பி, உங்களோடு. முன்பு ஆறு நிறுத்தியது, நின்றோம். இப்போது நிறுத்த ஒன்றும் இல்லை. எங்கே நிற்பது என்பதை நீங்கள்தான் யோசிக்கவேண்டும், நீங்களோ நிற்காமல் போவது எப்படி என்று கேட்கிறீர்கள். முதலில் எங்கே நிற்கப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள், ரோட்டு தானாக அமையும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை என்று ஒன்றரை மாதத்துக்குமேல் நடை. எங்கே கிணறு, எங்கே மடம், எந்த வீட்டில் சோறு என்பதுதான் அவர்களுடைய மப். நீங்கள் ஜூனில் போனால் எதிரே வருவார்கள். வேலும் கையுமாக வரும் கிழவிகளைப் பார்த்தால், ஹோர்ன் அடிக்காமல், மெதுவாக்கி ஓரம் போங்கள். நிறுத்தித் தண்ணீர் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்புறம், விபூதி பூசிவிட வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்.

ஆக, போகும்போது திருகோணமலை வழி, வரும்போது ஹபரணை. விடிய நாலரைக்கு அல்ல, வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிடுங்கள். வாழைச்சேனையில் பெற்றோல் அடியுங்கள். ஜூனில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. பனிச்சங்கேணிப் பாலத்தில் இடப்பக்கத்திலிருந்து அனல்போலத் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள். வெருகல் கோயிலடியில் இறங்கி, பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். இருட்ட முதல் திருகோணமலையில் தங்குங்கள். மறுநாள் வவுனியா, யாழ்ப்பாணம், பருத்தித்துறை. கடலில் குளிப்பது ஒரு நாள் பிந்தும், கடல் எங்கும் போகாது.

அதற்கு முதல், வருகிற சனிக்கிழமை குருமண்வெளிக்குப் போங்கள். மோட்டார் சைக்கிளை ஏற்றியதும் கியரில் போட்டு ஸ்ரான்டில் விடுங்கள், இல்லாவிட்டால் பாதை ஆடும்போது உருளும். மண்டூரில் இறங்கினால், கோயில் வீதியில் மா மரத்துக்குக் கீழே ஒரு வீட்டில் சின்னம்மா இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். நான் அனுப்பினேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள், பிளேன்ரீ போட்டுத் தருவார்.