மனுஷன் முகத்தைப் பார்ப்பான்: டீச்சரிடம் கேள்வி பதில்

இந்த வாரத் தலைப்பு "அழகும் குணமும்". வந்த கேள்விகளில் பாதி நகையைப் பற்றியே இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: வசனத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். அதிகாரத்தை முழுசாக வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

நாசரேத், கல்லூரி மாணவி: "கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று சொன்ன அதே அதிகாரம் தாவீதை அழகன் என்றும் சொல்கிறதே டீச்சர். இது முரண்பாடு இல்லையா?

முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டுக் கேட்டிருக்கிறாய் மகளே, சந்தோஷம். 1 சாமுவேல் 16:7-ல் அந்த வார்த்தை வருகிறது. ஐந்து வசனம் தள்ளி தாவீதின் சிவந்த மேனியும் அழகிய கண்களும் வருகின்றன. கொஞ்சம் பின்னால் 9-ம் அதிகாரத்துக்குப் போ. அங்கே இஸ்ரவேலின் முதல் ராஜாவாகப்போகிற சவுல் அறிமுகமாகிறான். மற்ற எல்லாரும் அவன் தோளுக்குத்தான் வருவார்கள், அவ்வளவு உயரம். அந்த உயரத்தைக் காட்டித்தான் சாமுவேல் ஜனங்களிடம் "இவனுக்குச் சமானமானவன் இல்லை" என்றார். அந்தச் சவுல் என்ன ஆனான் என்று கண்ணால் பார்த்த பிறகும், அடுத்த ராஜாவைத் தேடிப் போன சாமுவேல், தாவீதின் அண்ணன் எலியாபின் வளர்த்தியைக் கண்டதும் "இவன்தான்" என்று நினைத்துவிட்டார். எத்தனையோ வருஷம் ஊழியம் செய்த தீர்க்கதரிசியின் கண்ணே இரண்டாம் முறையும் ஏமாறுகிறது. எனக்கு இந்த அதிகாரத்தில் பயம் தருகிற இடம் இதுதான்.

தாவீது அழகாக இருந்தது குற்றமும் இல்லை, தகுதியும் இல்லை. பெற்ற தகப்பனே அவனைப் பந்திக்குக் கூப்பிடாமல் ஆட்டுக்குப் பின்னால் விட்டிருந்தார், அதையும் பார்.

வள்ளியூர்: நகை போடுவது பாவமா?

இல்லை. ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் நகைதான் கொடுத்தான் (ஆதியாகமம் 24:22).

திசையன்விளை: தாலிச் சங்கிலி போடலாமா?

உங்கள் சேகர ஐயரிடம் (சபை போதகரிடம்) கேளுங்கள். என்னைக் கேட்டால், போடலாம்.

சாத்தான்குளம், தம்பி ஒருவர்: டீச்சர், நீங்கள் லேசாகச் சொல்லிவிட்டீர்கள். மயிரைப் பின்னுவதும் பொன் நகை அணிவதும் உங்கள் அலங்காரமாக இருக்க வேண்டாம் என்று 1 பேதுரு 3:3 தெளிவாகச் சொல்கிறது. என் அம்மா ரட்சிக்கப்பட்ட அன்றே கம்மலைக் கழற்றினார்கள். சொந்தக்காரர்கள் எத்தனை பேச்சுப் பேசினார்கள் தெரியுமா? அது வீணா?

வீண் இல்லை தம்பி. உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். டோனாவூரில் ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊர் ஊராகப் போன பொன்னம்மாளும் நகையைக் கழற்றியவர்தான். கர்த்தருக்கென்று மனசார விட்டதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் வசனத்தைப் பார்ப்போம். நம் தமிழ் வேதத்தில் "உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் "உயர்ந்த" இல்லை, "வஸ்திரங்களை உடுத்துதல்" மட்டுமே உண்டு. இதைத் தடைச் சட்டமாக எடுத்தால் துணியே உடுத்தக் கூடாது என்று வரும். பேதுரு அதையா சொன்னார்? உன் அலங்காரம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறார். அடுத்த வசனத்தில் நாம் "இருதயத்தில் மறைந்திருக்கிற குணம்" என்று வாசிக்கிற இடத்தில், மூலத்தில் இருக்கிற சொல் "மனுஷன்". இருதயத்துக்குள்ளே மறைந்திருக்கிற மனுஷன். யாரும் பார்க்காதபோது நமக்குள் இருக்கிறானே, அவன்.

இன்னொன்று. எல்லாரும் 6-ம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 7-ஐ வாசியுங்கள். மனைவிக்குக் கனம் கொடுக்காத புருஷனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று இருக்கிறது. கம்மலைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன், இதைப் பற்றிக் கேட்டது குறைவு.

சாத்தான்குளம், அதே தம்பி: அப்படியானால் வெளியே எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. கழற்றின கழுத்தும் ஒரு நகை ஆகிவிடலாம் என்கிறேன். வெள்ளைப் புடவையும் வெறும் காதும் "நான் உன்னைவிடப் பரிசுத்தம்" என்று பேச ஆரம்பித்தால், மத்தேயு 23-ல் வருகிற வெள்ளையடித்த கல்லறைதான் எனக்கு நினைவு வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். நான் பல வருஷமாகக் கம்மல் போடுவதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் இடம் ஒழுங்கு பண்ணுகிற வேலை எனக்கு. காரில் வந்த ஒரு குடும்பத்துக்காக, முன் பெஞ்சில் இருந்த, பீடி சுற்றுகிற ஒரு அம்மாவை இரண்டு வரிசை பின்னால் போகச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். யாக்கோபு 2-ம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன்! பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்குப் பாதபடி. அன்றைக்கு நானே அதைச் செய்தேன், வெறும் காதோடு. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், அங்கேயும் பாட்டுக் கேட்டுச்சு" என்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வீரவநல்லூர்: மூக்குத்தி மட்டும் போடலாமா?

மேலே வாசியுங்கள்.

பணகுடி: தோற்றம் முக்கியமில்லை என்றால், தெற்கே திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் மேலாடைக்காக ஏன் அடிபட்டார்கள்?

இன்றைக்கு வந்த கேள்விகளில் கனமானது இதுதான். மார்பை மூடக் கூடாது என்பது அங்கே சாதி போட்ட கட்டளை. மூடிய பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். கலவரம் முற்றிய பிறகு 1859 ஜூலையில்தான் ராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்த ரவிக்கை அலங்காரமே இல்லை. "எனக்குள்ளும் தேவசாயல் இருக்கிறது" என்று சொல்ல அவர்களுக்கு இருந்த வழி அது. தோற்றத்தை வைத்து மனுஷனை எடை போட்டது மற்றவர்கள். இல்லாதவர்களிடம் போய் "உள்ளம்தான் முக்கியம், உடையில் என்ன" என்று பேசாதீர்கள். அதை வசதி உள்ளவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

தென்காசி, ஒரு தாய்: மகளுக்கு நிறம் கம்மி என்று மூன்று வரன் தட்டிப்போனது. மூன்றும் ஜெபிக்கிற குடும்பங்கள்தான்.

வேதனையாக இருக்கிறது அக்கா. குறை உங்கள் மகளிடம் இல்லை. ஆண்டவரைப் பற்றியே ஏசாயா 53 "அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்கிறது. அவரும் அந்த வீடுகளில் தட்டிப்போயிருப்பார். ஆமி அம்மையார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் பழுப்புக் கண் நீலமாக வேண்டும் என்று ஜெபித்தார். மாறவில்லை. பிறகு நம் ஊரில் புடவை கட்டி நம் ஜனத்தோடு பழகியபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. 1951-ல் டோனாவூரில் இறந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். மகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். நிறத்தை விசாரிக்கிற வீட்டுக்கு இனிமேல் போட்டோ அனுப்பாதீர்கள்.

டவுண்: முடிக்கு டை அடிக்கலாமா?

அடிக்கலாம். நகை, முடி, மூக்குத்தி பற்றி இனி பதில் கிடையாது.

சாத்தான்குளம், அதே தம்பி: அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன் டீச்சர். ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்கள். அந்தப் பீடி சுற்றுகிற அம்மா இப்போதும் கோயிலுக்கு வருகிறார்களா?

வருகிறார்கள் தம்பி. முன் பெஞ்சு, ஜன்னல் ஓரம். நான் பக்கத்தில் உட்காருகிறேன்.