கடைசி நாலு கிலோ: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு. ஏற்கெனவே கணிசமாக எடையைக் குறைத்துவிட்டேன். ஆனால் கடைசி நாலு கிலோ மாதக்கணக்கில் அசையவே இல்லை. மேசைக்கு அடியில் போட்டு நடக்கும் சின்ன டிரெட்மில் வாங்கலாமா, நின்றபடி வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டுமே விலை அதிகம். எது பலன் தரும்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாலு கிலோவுக்கு 30,800. இதை ஆறு மாதத்தில் கரைக்க நினைத்தால் ஒரு நாளைக்கு சுமார் 170 கலோரி குறைய வேண்டும். உங்களுக்கும் நீங்கள் விரும்பும் எடைக்கும் நடுவே நிற்பது இவ்வளவுதான். எந்தப் பொருளை வாங்க நினைத்தாலும், இந்த 170-ல் அது எவ்வளவைத் தரும் என்று கேளுங்கள்.

நின்று வேலை செய்யும் மேசை கொஞ்சம்தான் தரும். உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2018-ல் வெளியானது. 65 கிலோ எடையுள்ளவர் தினமும் ஆறு மணி நேரம் நின்றாலும் கூடுதலாகச் செலவாவது 54 கலோரிதான். முதுகு இறுக்கமாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது, உட்கார்ந்தே இருந்தால் தூக்கம் வருகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். எடைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மேசையடி டிரெட்மில் விஷயம் வேறு. மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவின் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது மணிக்கு 72 கலோரி செலவானவர்களுக்கு, மணிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக நடந்தபோது 191 செலவானது. மணிக்கு 120 கலோரி அளவுக்கு வித்தியாசம். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பருமனானவர்கள். உடம்பு இலகுவாக இருந்தால் செலவும் குறையும், அதனால் உங்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அப்படியும் தினம் இரண்டு மணி நேரம் நடந்தால் தேவையில் பெரும்பகுதி தேறிவிடும்.

அப்படியானால் வாங்கிவிடலாமா என்றால், இன்னும் இல்லை. முதலில் இரண்டு வாரம் அலுவலக போன் அழைப்புகளை எல்லாம் எழுந்து நடந்தபடியே பேசிப் பாருங்கள். நீங்கள் பேச வேண்டியிராத மீட்டிங்குகளையும் அப்படியே கேளுங்கள். இந்தப் பழக்கம் நிலைத்தால் டிரெட்மில் உங்களுக்கு உதவும். நிலைக்காவிட்டால் அந்த மெஷின் சுவரோரம் சாய்ந்து கிடக்கப் போகிறது, தவணை மட்டும் மாதாமாதம் போகும். நடந்துகொண்டே டைப் செய்வதும், நுணுக்கமான கணக்கு வேலை பார்ப்பதும் பலருக்குச் சரிவராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு அது தேவைப்படாது. பயனர் கையேட்டை வாங்கும் முன்பே கேட்டுப் படியுங்கள். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு எடை தாங்கும், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி, ரிப்பேர் என்றால் ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பாருங்கள். கனமான பொருள் என்பதால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சரியாக உழைக்காத டிரெட்மில்லைவிட, திருப்பித் தர முடியாத டிரெட்மில் பற்றித்தான் புகார்கள் அதிகம் பார்க்கிறேன். பழையது வாங்கவும் தயங்க வேண்டாம். அதிகம் ஓடாமல் விற்பனைக்கு வருபவை ஏராளம். நேரில் போய், ஏறி, அரை மணி நேரம் நடந்து பார்த்து வாங்குங்கள். மோட்டார் சூடேறினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி நாலு கிலோ ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் உங்களைப் போன்றவர்கள் மனம் தளர்ந்து தேவையில்லாத பொருளை வாங்குகிறார்கள். எடை குறையக் குறைய உடம்பின் அன்றாடச் செலவும் குறைகிறது. குறைவாகச் சாப்பிடும் நாட்களில் நம்மை அறியாமலே எழுந்து நடப்பதும் அசைவதும் குறைகிறது. பசியும் கூடுகிறது. தொடக்கத்தில் உங்களை இறக்கிய அதே உணவும் அதே நடையும் இப்போது எடையை இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் போதுமாக இருக்கிறது. இது நீங்கள் செய்த தப்பு இல்லை.

கேள்வி: என் ஸ்மார்ட்வாட்ச் தினமும் 600 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. அதற்கு ஏற்றபடிதான் சாப்பிடுகிறேன். எடை இறங்கவில்லை. வாட்ச் பழுதா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பழுது இல்லை, அதனால் மாற்றித் தர மாட்டார்கள். கலோரி எண்ணிக்கை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்குமே பலவீனமான பகுதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத்துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள்ளான பிழையோடு சரியாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே சிறந்த கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்! நாளைக்கு 170 கலோரி வித்தியாசத்தைத் தேடும் ஒருவர், இப்படிப்பட்ட எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டினால் எடை எங்கே இறங்கும்?

2016-ல் வெளியான இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். எடை குறைக்கும் பயிற்சியில் இருந்த இளவயதினரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோதான். அதனால் விலை கூடிய புது மாடலுக்கு மாறுவது உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது.

கையில் இருக்கும் வாட்ச்சை அடி எண்ணுவதற்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூடியது என்று மட்டும் பாருங்கள். 10,000 அடி என்ற இலக்கைத் தொட முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்த எண் 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்வில் பிறந்தது இல்லை. 4,000 நடப்பவர் 6,000-க்குப் போவதே நல்ல முன்னேற்றம். எரித்ததாகக் காட்டும் கலோரித் திரையை அணைத்து வைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் வாங்கினேன். காலையில் ஒரு எண், மாலையில் இன்னொன்று. கடைக்காரர் 'நார்மல்தான்' என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவர் சொல்வது உண்மைதான். உள்ளங்கால் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு உடம்பு எவ்வளவு தடை காட்டுகிறது என்பதை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது இந்த மெஷின். தண்ணீர் குடித்தால், வியர்த்தால், சாப்பிட்டால், கால் ஈரமாக இருந்தால் அந்தத் தடை மாறும், கூடவே எண்ணும் மாறும். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது, சாதாரண மெஷின்தான் அவர்களுக்கு.

மெஷின் நல்லதா என்பதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. கெட்டியான, சமமான தரையில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை ஏறி இறங்குங்கள். எடை மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அரை கிலோ முன்னே பின்னே போனால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீடியோ எடுத்து அனுப்பி மாற்றிக்கொள்ளுங்கள்.

எடையும்கூட உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய் என்று பல காரணங்களால் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஆடும். நல்ல முயற்சியில் இருக்கும் ஒருவர் ஒரு மாதத்தில் குறைக்கும் எடை முழுவதும் இந்த ஆட்டத்துக்குள் மறைந்துபோகலாம். அதனால் தினம் காலை கழிப்பறை போய் வந்ததும் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாதாரண தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இடுப்பு இருந்தால், அந்தக் கடைசி கிலோக்களுக்காக உடம்பை வருத்துவது அவசியமா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிக்கொள்ளும் தொப்பை பெல்ட், இரவில் குடிக்கும் மூலிகை டீ, கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று விளம்பரங்கள் விடாமல் வருகின்றன. ஒன்றுகூடவா வேலை செய்யாது?

வாங்காதீர்கள். மின்னதிர்வு தரும் வயிற்று பெல்ட்டுகள் தொப்பையைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்தவர்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது. நடந்தாலே உடம்பு இறுகும் என்று விற்ற ஷூக்களுக்காக ரீபாக் 2011-லும் ஸ்கெச்சர்ஸ் 2012-லும் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. பெயரும் பெட்டியும் மாறி இதே வாக்குறுதி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு இடத்தில் பெல்ட் கட்டினால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை.

டீக்களில் பல, சென்னா போன்ற மலமிளக்கியை வைத்து வேலை செய்பவை. மெஷினில் எண் இறங்கும், இறங்குவது தண்ணீர்தான். கொடம்புளிச் சத்து மாத்திரையை 12 வாரம் சோதித்த ஆய்வு 1998-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத மாத்திரைகள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து, 'இயற்கை' என்று எழுதிய பெட்டிகளுக்குள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. லேபிளில் அதன் பெயர் இருக்காது. ஒரு மாத்திரை சாப்பிட்டதும் பசி சட்டென்று அடங்கி, நெஞ்சு படபடத்து, தூக்கம் போனால், உடனே நிறுத்திவிட்டுப் பெட்டியோடு டாக்டரிடம் போங்கள். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அவை பருமன் உள்ளவர்களுக்கும், கூடுதல் எடையோடு வேறு நோயும் உள்ளவர்களுக்கும் டாக்டர் எழுதித் தருபவை. கடைசி மூன்று நாலு கிலோவுக்காக ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை.

கேள்வி: டயட் ஆப் ஒன்றை 'ஏழு நாள் இலவசம்' என்று எடுத்தேன். பிடிக்காமல் போனில் இருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் ஒரு வருடச் சந்தா முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆப்பை நீக்கினால் சந்தா ரத்தாகாது. போனின் ஆப் ஸ்டோர் கணக்கில் 'சந்தாக்கள்' பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். இப்போதே அதைச் செய்யுங்கள், அடுத்த வருடமாவது மிஞ்சும். பிறகு அதே ஸ்டோர் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சீக்கிரம் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எந்தத் தேதியில் நீக்கினீர்கள், பிறகு ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட் இணையுங்கள். ஆப் ஸ்டோர் வழியாக இல்லாமல் அவர்கள் இணையதளத்தில் நேராகக் கார்டு எண் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்கு ஈமெயில் அனுப்பிவிட்டு, வங்கியிடமும் அந்த ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த தடவை இலவசக் காலம் தொடங்கியதும் கையோடு ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்கள் கடைசி நாள் வரை வேலை செய்யும்.

கேள்வி: கொஞ்சம் பணம்தான் ஒதுக்க முடியும். அதில் எதை வாங்குவது?

சமையலறைத் தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண தராசு போதும், ப்ளூடூத் எதுவும் வேண்டாம். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 1992-ல் வெளியானது. அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. பொய் சொல்லவில்லை, கண்ணால் அளப்பது அவ்வளவு தவறும். எண்ணெயும் கொட்டைகளும்தான் இதில் பெரிய திருடர்கள். 20 கிராம் எண்ணெயில் 180 கலோரி இருக்கிறது, உங்கள் ஒரு நாள் கணக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் எது எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் தினமும் நிறுக்கத் தேவையில்லை.

மீதியில் காலைக் கடிக்காத நடை ஷூ. இன்னும் மிஞ்சினால் ஒரு ஜோடி டம்பெல், பழையதே போதும், இரும்பு கெட்டுப்போகாது. வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கார்ந்தே வேலை செய்பவர் உணவைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க இது ரொம்ப முக்கியம்.

பணமே இல்லை என்றால் தூக்கம். 2010-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் ஒரே உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு, எட்டரை மணி நேரம் படுக்க விட்டபோது இரண்டு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பு குறைந்தது. ஐந்தரை மணி நேரம்தான் படுக்கை என்றபோது 0.6 கிலோ. மொத்த எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது, ஆனால் தூக்கம் குறைந்தபோது போனதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. அலுவலக வேலையை இரவு படுக்கைக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் அதை நிறுத்திப் பாருங்கள்.