கேள்வி பதில்: பாட்டியின் மல்லிகைப் பூ

கேள்வி: ஈரானில் வளர்ந்த கதையை மர்ஜான் சத்ராபி படக்கதையாக எழுதிய 'பெர்சபோலிஸ்' படித்தேன், 2007-இல் வந்த அனிமேஷன் படத்தையும் பார்த்தேன். எல்லாம்தான் கட்டம் கட்டமாக வரைந்து கிடக்கிறதே, அதை அசைய விட்டால் படம் ஆகிவிடாதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை. புத்தகத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை நாமே மனசுக்குள் ஓட்டிக்கொள்கிறோம், படத்தில் அதை யாராவது வரைந்தாக வேண்டும், அதனால் சத்ராபியே அனிமேட்டர்களுக்குக் காட்சிகளை நடித்துக் காட்டினார். பாட்டி உள்ளாடைக்குள் மல்லிகைப் பூ வைத்துக்கொள்வாரே, அந்தப் பூக்கள் புத்தகத்தில் கட்டத்துக்குள் அப்படியே நிற்கும், படத்தில் மெதுவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் அந்தப் பாட்டியின் குரல்! பேசியவர் டானியல் தாரியூ, படம் வந்தபோது அவருக்கு 90 வயது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்?

கதையின் வரிசையையும் மாற்றினார்கள். புத்தகம் சிறுமி முக்காடு போட வேண்டி வந்த 1980-இல் தொடங்கி நேராகப் போகும். சத்ராபியும் உடன் இயக்கிய வின்சென்ட் பரோனோவும் படத்தை பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில், அதுவும் வண்ணத்தில் தொடங்கினார்கள். பழைய நாட்கள்தான் கறுப்பு வெள்ளை. புத்தகத்தில் சாம்பல் நிறமே கிடையாது, படத்தில் தெஹ்ரான் தெருக்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் சிறுமி வளர்ந்து படிக்கப் போகும் வியன்னா பகுதி கொஞ்சம் அவசரமாக ஓடிவிட்டது என்பது என் குறை.

கேள்வி: நிஜ நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே?
— வாசகர், மதுரை

பதில்: சத்ராபிக்கு அதில் இஷ்டமில்லை. நிஜ முகம், நிஜத் தெரு என்று காட்டினால் எங்கோ தூரத்தில் இருக்கிற யாரோ சிலரின் கதை ஆகிவிடும், கோட்டுச் சித்திரம் என்றால் யார் ஊராகவும் இருக்கலாம் என்பது அவர் கட்சி. அது சரிதான் என்று துனிசியாவில் தெரிந்தது, அவர் நினைத்த விதத்தில் இல்லை. 2011-இல் அங்கே ஒரு தொலைக்காட்சி, படத்தை அந்த ஊர்ப் பேச்சு வழக்கிலேயே குரல் மாற்றி ஒளிபரப்பியது. சிறுமி தாடிக்காரக் கடவுளோடு பேசும் காட்சியைப் பார்த்து, கடவுளுக்கு உருவம் கொடுப்பதா என்று கொதித்த கும்பல் அலுவலகத்தைத் தாக்கப் போனது, அடுத்த வருடம் நீதிமன்றம் அதன் முதலாளிக்கு 2,400 தினார் அபராதமும் போட்டது.