"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த ஆண்டு எங்கள் விடுதியில் என்னை மாணவ ஆலோசகராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் தளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். பயிற்சி வகுப்பு நடந்தது. விதிகள், படிவங்கள், ஆபத்தென்றால் யாரை அழைப்பது என்ற பட்டியல் எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனால் எதிரே ஒருத்தி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு ஜூனியர் இரவில் என் அறைக்கு வந்தாள். அவள் சில நாட்களாக வகுப்புக்கே போவதில்லை என்று அவளுடைய அறைத்தோழி முன்பே சொல்லியிருந்தாள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு போன் வந்தது. "அப்புறம் வர்றேன்க்கா" என்று போனவள் இன்னும் வரவில்லை.

வந்தால் சத்தியம் செய்து கொடுக்கலாமா? மறுத்தால் வாயே திறக்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கொடுத்துவிட்டு, அவள் விபரீதமாக ஏதாவது சொன்னால்? நான் மனநலம் படித்தவள் இல்லை. என் ஒரு வார்த்தையால் நிலைமை மோசமாகிவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. விதியை மீறுகிறவர்களைப் பற்றி வார்டனிடம் சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான். அப்படிப்பட்டவளை நம்பி யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்புச் சகோதரிக்கு,

அவள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே நீங்கள் போய்ப் பாருங்கள். சொல்ல வந்து பாதியில் எழுந்து போனவர்களுக்கு மறுபடி கதவைத் தட்டுவது முதல் முறையைவிடக் கடினம். வகுப்பையும் விட்டிருக்கிறாள், ஆகவே நாள் கடத்தக் கூடாது. அறைத்தோழி இல்லாத நேரமாகப் பார்த்து, "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே, அதே நினைப்பா இருக்கு. இப்ப பேசலாமா?" என்று கேட்டால் போதும்.

சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அதற்காக "முடியாது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடவும் வேண்டாம். அவள் விஷயத்தைத் தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "நீ சொல்றதை நான் வெளியில பேசமாட்டேன். ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, இல்ல யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் குறைவு என்பதுதான் என் அனுபவம். ரகசியத்தின் எல்லை எது என்று தெரிந்தபின் மனம் கொஞ்சம் நிதானமாகிறது. முழுவதும் கேட்டுவிட்டுக் கடைசியில் எல்லையைச் சொன்னால்தான் அவள் ஏமாற்றப்பட்டதாக உணர்வாள்.

மனநலம் படிக்கவில்லையே என்கிறீர்கள். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் பலர் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களோடு, உதவிக்கு வந்திருந்த சாதாரணத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே மனம் ஆறிப் பலர் அவரைப் பார்க்காமலே திரும்பிப் போவதை வாரா கவனித்தார். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. உங்கள் தளத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவதும் அப்படி உட்கார்ந்து கேட்கும் ஒருவர்தான்.

கேட்பது என்றால் சும்மா இருப்பது என்று எண்ணிவிடாதீர்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. "எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு" என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அவள் சொன்னதையே உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று கேளுங்கள். அவள் மௌனமானால் அந்த இடத்தை ஆறுதல் வார்த்தைகளால் நிரப்ப அவசரப்படாதீர்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் அவள் பேச்சில் எதாவது தென்பட்டால் நேரடியாகவே கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். அவள் பக்கத்தில் இருந்தபடியே உங்கள் பட்டியலில் உள்ளவரை அழையுங்கள், அவர் வந்து சேரும்வரை நகராதீர்கள். அந்த நேரத்தில் அவள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. கோபம் தணியக் காலம் இருக்கிறது.

அவ்வளவு தீவிரமாக இல்லாமல், மதிப்பெண்ணோ காதலோ வீட்டு நினைப்போ அவளை வாட்டுவதாகவும் இருக்கலாம். அது தொடர்ந்து படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால் கல்லூரியின் ஆலோசகரிடம் அனுப்புங்கள். எண்ணை மட்டும் கொடுத்து "கூப்பிட்டுக்கோ" என்றால் பெரும்பாலும் அது அதோடு நின்றுவிடும். முதல் முறை கதவு வரைக்கும் கூடவே போங்கள்.

விதிகளைப் பற்றி: எதை வார்டனிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்று தளத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோழிக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்று ஆகாமல் பார்த்துக்கொண்டால் நம்பிக்கை தானாக வரும்.

உங்கள் தூக்கம் கெடுவதுதான் எனக்கு அதிகக் கவலை. பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டு, அதன்பின் மாணவ ஆலோசகரின் பேச்சைக் கேட்க ஆளே இல்லாமல் விடுவது பெரிய குறை. வாரம் ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பேச பொறுப்பான ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு மாணவ ஆலோசகர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள் என்று தோன்றினால், மற்றத் தளங்களில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்.