முற்றின இலை: குறை ஆளிடமா, தோட்டத்திலா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. இரண்டு அக்காமார் கிலோக் கணக்கில் கூலி வாங்கிப் பறிக்கிறார்கள். கேட்டால், "இரண்டு இலை, ஒரு மொட்டுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்கிறார்கள். சாக்கைக் கொட்டினால் பாதி முற்றின இலை. இலை வாங்கும் ஏஜெண்ட் எடையில் கழிக்கிறார். "நேர்மை இல்லாதவங்க, ஆளை மாத்து" என்கிறார் கணவர். பெரிய அக்கா பல வருஷமாக வருகிறவர், எனக்கு மனசு வரவில்லை. சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக ஏன் இருக்கிறார்கள்? - ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு ஆளை மாற்றாதீர்கள், சகோதரி. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறீர்கள். முற்றின இலை சாக்கைச் சீக்கிரம் நிரப்பும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கொழுந்தாகக் கிள்ளுகிறவருக்கு அன்றைய கூலி குறையும். அப்படியொரு ஏற்பாட்டில் யாரை வேலைக்கு வைத்தாலும் சாக்கில் இதே இலைதான் விழும்.

ஒருவர் செய்ததற்கு அவருடைய குணத்தையே காரணமாகச் சொல்லி, அவர் நிற்கும் நிலைமையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதை 'அடிப்படைக் காரணப் பிழை' என்று 1977-ல் உளவியலாளர் லீ ராஸ் பெயரிட்டார். உங்கள் கணவர் செய்வது அதுதான். கோபத்தில் எல்லோரும் செய்வதுதான் என்றாலும், இங்கே ஒருவரின் பிழைப்பே போகிறது. இது பிறவிக் குணமும் இல்லை. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பிறர் செய்ததற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று சிகாகோவையும் நம் மலைக்குப் பக்கத்து மைசூரையும் ஒப்பிட்டார். சிறு பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களில் மைசூர்க்காரர்கள்தான் நிலைமையைக் காரணமாக அதிகம் சொன்னார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி 1967-ல் கொடுத்த மூன்று கேள்விகள் உங்களுக்குப் போதும். இதையே மற்றவரும் செய்கிறாரா? இவர் மற்ற தோட்டத்திலும் இப்படித்தானா? எப்போதுமேவா, சில நாள் மட்டுமா?

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஒவ்வொருவர் சாக்கிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்துக் கலந்து, 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதும். மேலாக மட்டும் எடுத்தால் கடைசியாகப் பறித்த இலைதான் வரும், கணக்குத் தப்பாகிவிடும். மழையில் நனைந்த இலையையும் காய்ந்த இலையையும் ஒப்பிடாதீர்கள். நல்ல கொழுந்து ஒரு குவியல், முற்றினது ஒரு குவியல். இரண்டையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே எந்தப் பாத்தி, போன பறிப்புக்குப் பிறகு எத்தனை நாள், இலை ஏற்றும் வேன் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறியுங்கள். மூன்று ரவுண்டு பறிப்புக்கு இப்படிச் செய்யுங்கள்.

இருவர் சாக்கிலும் ஒரே அளவு முற்றினது இருந்தால் காரணம் கூலி முறையிலோ தோட்டத்திலோ இருக்கிறது. 12 நாளில் வரவேண்டிய ரவுண்டு 18 நாளானால் செடியிலேயே இலை முற்றிப்போயிருக்கும், பறிக்கிறவர் என்ன செய்வார்? சோலைக்காட்டை ஒட்டின கீழ்ப்பாத்தியில் மட்டும் மோசமென்றால், காட்டெருமைக்குப் பயந்து கைக்கு வந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஏறுகிறார்களா என்று கேளுங்கள். வேன் முன்னதாக வந்த நாளில் மட்டும் மோசமென்றால் அவசரம்தான். டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973-ல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களைச் சோதித்தார்கள். வழியில் துவண்டு கிடந்தவருக்கு, நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'நேரமாகிவிட்டது' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான்.

இனி சொல்லும் செயலும். பொதுவாகக் கேட்ட கேள்விக்கு வரும் பதிலை வைத்து, ஒரு குறிப்பிட்ட நாளின் செயலைக் கணிக்க முடியாது. டேவிட்சன், ஜக்கார்ட் என்ற ஆய்வாளர்கள் 1979-ல் கருத்தடை பற்றிப் பெண்களிடம் கேட்டார்கள். பொதுக் கருத்துக்கும் இரண்டு வருடத்தில் மாத்திரை எடுத்ததற்கும் தொடர்பு 0.08தான் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). 'அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் மாத்திரை எடுப்பது பற்றி' என்று கேட்டபோது அது 0.57 ஆனது. ஆகவே "நல்லா பறிக்கணும் இல்லையா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "அக்கா, வியாழக்கிழமை கீழ்ப்பாத்தி. மூணாவது இலை முற்றியிருந்தா என்ன செய்வீங்க? கிள்ளிப் போட்டா எவ்வளவு எடை குறையும்?" என்று கேளுங்கள். அங்கேதான் உண்மையான தடை வெளியே வரும்.

கூலியையும் மாற்றுங்கள். கிலோ விலை அப்படியே இருக்கட்டும். மாதிரி 100 கிராமில் 60-க்கு மேல் நல்ல கொழுந்து இருந்தால், கிலோவுக்குக் கூடுதலாக ஒரு தொகை. அதை ஏஜெண்ட் கழிக்காமல் விட்ட எடையிலிருந்து கொடுக்கலாம். முற்றினதற்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் முற்றின இலை சாக்கின் அடிக்குப் போகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் செய்தபிறகும் ஒருவர் சாக்கில் மட்டும், எல்லாப் பாத்தியிலும், எல்லா நாளும் முற்றினதே வந்தால், அவர் பறிக்கும் வேறு தோட்டத்திலும் விசாரியுங்கள். அங்கேயும் அப்படியென்றால் காரணம் அவரிடம்தான். அப்போதும் நேர்மையைப் பற்றிப் பேசுமுன் கண்ணையும் விரலையும் பற்றிக் கேளுங்கள். வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், குளிரில் விரல் மரத்தால் மொட்டு பிடிபடாது. பெரிய அக்காவாக இருந்தால், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.